துடுப்புப் பிடித்த கைகள்

கிரேக்க நாட்டின் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, கசக்கி எறிந்த காகிதத்தை யாரோ பிரித்து வைத்ததுபோல் எனக்குத் தோன்றியது. மடிப்பெல்லாம் மலை, மலைகளுக்கு நடுவே சிறு சிறு சமவெளிகள், மூன்று புறமும் கடல். எகிப்தியருக்கு வாய்த்த நைல் நதி போல, நாடு முழுவதையும் இணைக்கும் பேராறு அங்கே இல்லை. எனவே சமவெளிக்கு ஓர் ஊர், ஊருக்கு ஓர் அரசு என்று ஆகிவிட்டது.

ஸ்பார்ட்டாவுக்கு யூரோட்டாஸ் ஆற்றின் வளமான பள்ளத்தாக்கு வாய்த்தது. போதாதென்று மலைக்கு அப்பாலிருந்த மெசேனியாவையும் பிடித்தார்கள். அங்கே உழுதவர்கள் ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடிகள். அவர்களை அடக்கி வைக்கவே ஊர் முழுவதும் பாசறையாக வாழ நேர்ந்தது.

ஏதென்ஸின் மண்ணோ ஏழை மண். ஒலிவமும் திராட்சையும் விளையும். கோதுமைக்குக் கருங்கடல் வரை கப்பல் போக வேண்டும். கி.மு. 483 வாக்கில் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. ஆளுக்குப் பத்து திராக்மா பங்கிட்டுக் கொள்ளலாம் என்றார்கள். தெமிஸ்டோக்ளிஸ் மறுத்து, போர்க்கப்பல் கட்டச் செய்தார். கி.மு. 480-ல் அந்தக் கப்பல்களே சலாமிஸ் நீரிணையில் பாரசீகரை முறியடித்தன.

ஒரு கப்பலுக்குத் துடுப்பு வலிப்பவர் 170 பேர். அவர்களில் பலர் கவசம் வாங்கவும் வசதியற்ற ஏழைக் குடிமக்கள். ஊரைக் காப்பாற்றியவனை "நீ வாயை மூடு" என்று யாரால் சொல்ல முடியும்? கி.மு. 462-ல், பெருங்குடியினரின் கோட்டையாயிருந்த அரியோபகஸ் சபையின் அதிகாரம் குறைக்கப்பட்டது. மக்கள் சபை தலைநிமிர்ந்தது.

அப்படியானால் எல்லாம் கடல் தந்த வரந்தானா? நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். கொரிந்து என் நம்பிக்கையைக் கலைத்தது. இரு புறமும் துறைமுகம் கொண்ட ஊர் அது. ஆனாலும் அங்கே ஆட்சி ஒரு சிலர் கையிலேயே இருந்தது. ஏதென்ஸிலும் பெண்களுக்குச் சபையில் இடமில்லை. அந்த வெள்ளியைத் தோண்டிய அடிமைகளுக்கோ எங்குமே இடமில்லை.

பிரிந்து வாழக் கற்றுக் கொடுத்த மலைகள், சேர்ந்து வாழக் கற்றுக் கொடுக்கவில்லை. கி.மு. 338-ல் கெரோனியாவில் மாசிடோனியாவின் பிலிப் அந்தப் பிளவை அறுவடை செய்துகொண்டார்.

நிலம் வாசலைத் திறந்து வைக்கிறது. உள்ளே யாரை அழைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதை மனிதர்கள்தாம் தீர்மானிக்கிறார்கள்.