பங்குனி ஆமைக்கு யார் காவல்?

விழுப்புரம்னா ரயில்வே ஜங்ஷன், திண்டிவனம்னா பைபாஸ்ல பஸ் நிக்கிற ஊர். நம்மில் பலருக்கு அவ்வளவுதான் ஞாபகம் வரும். ஆனா இந்த மாவட்டத்துக்குக் கடற்கரையும் இருக்கு. திண்டிவனத்தில் இருந்து கிழக்கே போனா, உப்பளங்களைத் தாண்டி மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்ற எயிற்பட்டினம் இதுதான்னு அறிஞர்கள் பலர் கருதுறாங்க. அந்தப் பாட்டில் வர்ற கிடங்கில், இன்னைக்குத் திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கல்னு இருக்கு.

இந்தக் கரைக்கு அந்தக் காலத்தில் இருந்தே வர்ற ஒரு விருந்தாளிதான் இன்னைக்கு நம்ம கதை. மீனவர்கள் பங்குனி ஆமைன்னு சொல்ற ஆலிவ் ரிட்லி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ராத்திரியில் பெண் ஆமை கரையேறும். பின்துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் போட்டு, மணலை மூடிட்டுக் கடலுக்குத் திரும்பிடும்.

அகநானூறு 160-ஆம் பாட்டு இதை அழகா கவனிச்சிருக்கு. ஆனா குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருக்கும்னு சொல்லுது. நிஜத்தில் ஆண் கரைக்கே வராது. அந்த முட்டைக்குக் காவலே கிடையாது. 45 முதல் 60 நாள் வரை மணல் சூடுதான் அதை அடைகாக்கும். சூடு அதிகமானா பெண் குஞ்சு, குறைஞ்சா ஆண் குஞ்சு.

நாயும் நரியும் தோண்டும், மனுஷனும் எடுப்பான். அந்தக் காவல் வேலையை 1970களில் சென்னையில் சிலர் கையில் எடுத்தாங்க. பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரிச்சுப் பொரிப்பகத்தில் வச்சாங்க. அவங்களில் ஒருத்தர் சதீஷ் பாஸ்கர். ஐஐடி மெட்ராஸ் படிப்பைப் பாதியில் விட்டுட்டு, ஆமையைத் தேடி இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் மாசக்கணக்கில் தனியா இருந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1988-ல் மாணவர்கள் அமைப்பு ஒண்ணு சென்னையில் அந்த நடையைத் தொடர்ந்தது. அது இன்னைக்கும் நடக்குது.

ஆனா 2025 ஜனவரியில் சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுற உயிர். இழுவை மடிக்குள் சிக்கினா மேலே வர முடியாம மூச்சு முட்டிச் சாகும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஆயிரம் குஞ்சில் ஒண்ணு பெருசாகித் தப்பிச்சாலே அதிர்ஷ்டம்னு சொல்வாங்க. அப்படின்னா செத்து ஒதுங்குற ஒவ்வொரு தாய் ஆமையும், ஏறக்குறைய பத்துக் கூடுகளை ராத்திரி கண்விழிச்சுக் காத்த உழைப்பு.

வழி இல்லாம இல்லை. ஆமை தப்பிக்க வலையில் பொருத்துற கம்பித் தடுப்புக் கருவி இருக்கு. கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை மடி போடக்கூடாதுன்னு விதியும் இருக்கு. அந்த 5 மைல், மரக்காணம் மாதிரி ஊர்களில் சின்னப் படகு ஓட்டுற மீனவர்களுக்கும் வாழ்வாதாரம். அதைக் காத்தா ரெண்டு பேரும் பிழைப்பாங்க.

கரையில் காவலுக்கு ஐம்பது வருஷமா ஆள் வந்துட்டாங்க. இப்போ காவல் தேவைப்படுறது கடல்ல. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.