மூளை எழுதும் கையெழுத்து

வலிப்பு நோய் மிகத் தொன்மையானது. அந்நோய் கண்டவரின் கையில் இரும்பைத் திணிப்பதும், பேய் பிடித்ததென்று மந்திரிப்பதும் நம் ஊர்ப்புறங்களில் நெடுங்கால வழக்கமாகும். நோயின் இருப்பிடம் மூளையே என்று பண்டைக் கிரேக்க வைத்தியர்கள் கூறியதுண்டு. எனினும், அதைக் கண்ணாரக் காட்டும் கருவி அவர்களிடம் இல்லை.

1875-ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரத்து வைத்தியர் ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைப் பரப்பில் மெல்லிய மின்னோட்டம் நிகழ்வதைக் கண்டறிந்தார். மனிதனிடம் அதனை முதன்முதல் பதிவு செய்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்து மனநோய் வைத்தியர் ஹான்ஸ் பெர்கர். 1924-இல் பதிவு செய்தவர், ஐயமறத் தெளியுமட்டும் பொறுத்திருந்து, 1929-இல்தான் அதனை வெளியிட்டார். அறிஞர் பலர் முதலில் நம்பவில்லை. 1934-இல் நோபெல் பரிசாளரான ஏட்ரியன், மாத்யூஸ் என்பவருடன் சோதித்து மெய்யென உறுதி செய்த பின்னரே உலகம் ஏற்றது.

இதன் செயல்முறை எளிது. தலையின் மேற்றோலில் சிறு உலோகத் தகடுகளைப் பதிப்பர். மூளையின் நரம்பணுக்கள் திரளாக இயங்கும்போது எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கே. அதனைப் பன்மடங்கு பெருக்கினால் அலைகளாகத் தோன்றும். கண்மூடி அமைதியாக இருப்பவரிடம், தலையின் பின்புறத்தில், நொடிக்கு 8 முதல் 13 வரை அலைகள் எழும்.

1935-இல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் வியத்தகு உண்மையொன்றை வெளியிட்டனர். கம்பைநல்லூரிலோ வேறெந்த ஊரிலோ, வகுப்பில் ஒரு பிள்ளை பேச்சை இடையில் நிறுத்திச் சில நொடிகள் வெறித்து நோக்குகிறான் என்று கொள்வோம். ‘கவனமில்லாதவன்’ என்று ஆசிரியர் கடிந்துகொள்வார். ஆனால், அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். அவ்வேளையில் அவன் மூளையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை கூர்முனையும் அலையும் இணைந்து எழும். அவ்வடிவே நோயைக் காட்டிக்கொடுக்கும். மறு ஆண்டில் இங்கிலாந்தில் கிரே வால்ட்டர், மூளைக் கட்டி இருக்குமிடத்தை மெதுவான அலைகளால் அறியலாம் என்று காட்டினார்.

நம் நாட்டில் இவ்வரலாறு தமிழகத்தோடு பிணைந்துள்ளது. மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மின்னலைப் பதிவில் தேர்ந்த டாக்டர் பல்தேவ் சிங் அவருக்குத் துணையாயினார். 1952-இல் வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையும் வேலூரில் நிகழ்ந்தது. சென்னையில் 1950 முதல் டாக்டர் பி. ராமமூர்த்தி இத்துறையை வளர்த்தார். பின்னர்த் தில்லிக்குச் சென்ற பல்தேவ் சிங், ஆனந்த், சீனா ஆகியோருடன் யோகிகளின் மூளை அலைகளையும் ஆராய்ந்து 1961-இல் முடிவுகளை வெளியிட்டார்.

ஒன்றை மறத்தலாகாது. அலைப்பதிவு குறையின்றித் தோன்றுவதால் மட்டும் வலிப்பு இல்லையென்று துணிதல் கூடாது. பதிவு செய்த வேளையில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். நோயாளியும் உற்றாரும் கூறும் வரலாறே வைத்தியருக்கு முதற்சான்று. பதிவு அதற்குத் துணைச்சான்று.

விஞ்ஞானம் கண்ட உண்மையைச் சமூகம் ஏற்கக் காலம் பிடிக்கிறது. இந்தியத் திருமணச் சட்டங்களில் வலிப்பு நோயை ஒரு தடையாகக் கூறிய சொற்கள் 1999-இல்தான் நீக்கப்பட்டன. சட்டம் நீக்கிய தடையை நம் உள்ளத்திலிருந்தும் நீக்குவது, இளைஞர்களாகிய உங்கள் கடனாகும்.