மோசே வழங்கிய சட்டம்

மோசே வழங்கிய சட்டம் என்பது, இசுரயேல் மக்களுக்குக் கடவுள் மோசே வழியாக அளித்ததாக விவிலியம் கூறும் கட்டளைகளின் தொகுதி ஆகும். யூதர் இதனைத் தோரா என்பர். யூத மரபு இதில் 613 கட்டளைகளைக் கணக்கிடுகிறது. தமிழில் இவர் மோசே, மோயீசன் என்றும், இசுலாமிய வழக்கில் மூசா நபி என்றும் அழைக்கப்படுகிறார். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள ஆவூரில் பணியாற்றிய ஓர் இயேசு சபைத் துறவி, இச்சட்டத்தை இந்திய வேதங்களோடு ஒப்பிட்டு எழுதியது குறிப்பிடத்தக்கது.

விவிலியத்தில்

விடுதலைப் பயண நூலின்படி, சீனாய் மலையில் இடியும் புகையும் கண்டு அஞ்சிய மக்கள், கடவுள் தங்களோடு நேரில் பேச வேண்டாம், மோசேயே கேட்டுச் சொல்லட்டும் என வேண்டினர். மோசே இடையாளராக நிற்பதற்கு மக்களின் இவ்வேண்டுகோளும் ஒரு காரணம் என்பது பலர் கவனியாத செய்தி. அவரோ திக்கிய நாவினர். எகிப்தில் அவருக்காகப் பேசியவர் அண்ணன் ஆரோன்.

சட்டம் கற்பலகையோடு நின்றுவிடவில்லை. மோசே உடன்படிக்கை ஏட்டை உரக்க வாசித்தார். மக்கள் அதற்கு உடன்பட்டனர். பின்னர் அவர்கள் கன்றுக்குட்டியை வணங்கக் கண்டு பலகைகளை உடைத்தார்; மீண்டும் மலையேறி வேறு பலகைகள் பெற்றார். ஏழாண்டுக்கு ஒருமுறை ஆண், பெண், சிறுவர், அயலார் அனைவரும் கேட்கச் சட்டம் வாசிக்கப்பட வேண்டும் என்கிறது இணைச் சட்ட நூல். இந்நூல்கள் பல காலத்தில் தொகுக்கப்பட்டவை என்பதே இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து.

ஆவூரில்

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே உள்ள ஆவூர், மதுரை மறைப்பணித்தளத்தின் முதன்மையான ஊர்களுள் ஒன்றாக விளங்கியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்குப் பணியாற்றியவர் பிரான்சு நாட்டினரான ழான் வெனான் பூசே (1655–1732). பத்துக் கட்டளைகளை ஊர்தோறும் மனப்பாடமாகக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் உபதேசியார்கள் எனப்பட்ட உள்ளூர்த் தமிழர்களே. ஆரோனின் பணியை ஒத்தது இது எனலாம்.

பூசே, பிரெஞ்சு ஆயர் உவேக்கு எழுதிய நீண்ட மடலில், இந்தியர் தம் சமயக் கருத்துகளை மோசேயின் நூல்களிலிருந்தே பெற்றனர் என வாதிட்டார். பிரமன் ஆபிரகாம் என்றும், சரசுவதி சாரா என்றும் பெயரொலியைக் கொண்டு பொருத்தினார். புறச்சமயத் தெய்வங்கள் பலவும் மோசேயின் சாயல்களே என உவே 1679இலேயே நூல் எழுதியிருந்தார். எனவே மடல் தக்க வாசகரையே சென்றடைந்தது. கிறித்தவர் தம் சமயத்தைச் சத்திய வேதம் என்று தமிழில் வழங்கியதும், ஒரே சொல்லால் இரண்டையும் ஒப்பிடத் தூண்டியிருக்கலாம்.

இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. வேதங்களின் படிகள் ஐரோப்பியர் கையில் சேர்ந்தது 1730களில்தான். பூசே செவிவழிச் செய்திகளையே நம்பினார். பெயரொலி ஒற்றுமை வரலாற்றுத் தொடர்புக்குச் சான்றாகாது.

அவருடைய 1714ஆம் ஆண்டு மடல் இதனினும் பயனுடையது. இந்நாட்டில் வழக்குகள் சட்டத் தொகுப்பைக் கொண்டு அல்லாமல், தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த வழக்காறுகளையும் முதுமொழிகளையும் கொண்டு தீர்க்கப்படுவதை அதில் விரிவாக எழுதினார். தரும சாத்திர நூல்களை அவர் அறியாதது குறையே. எனினும் ஊர்ப் பஞ்சாயத்துகளைக் கண்டு எழுதிய அப்பகுதி, சமூக வரலாற்றுக்கு நல்ல சான்றாகும்.

எண்ணிக்கை வேறுபாடு

கட்டளைகள் பத்து என்பதில் வேறுபாடில்லை, வரிசையில்தான் உண்டு. விபசாரம் செய்யாதே என்பது கத்தோலிக்கருக்கு ஆறாவது, தென்னிந்தியத் திருச்சபையினர் உள்ளிட்ட சீர்திருத்தச் சபையினர் பலருக்கு ஏழாவது கட்டளை. லூத்தரன் சபையினர் கத்தோலிக்க வரிசையையே பின்பற்றுகின்றனர்.