இரு சலீம்கள்

மக்கட்பேற்றுக்காக ஏங்கிய அக்பர் மாமன்னருக்கு 1569ஆம் ஆண்டில் ஆண்மகவு பிறந்தது. தமக்காக துஆச் செய்த ஷைகு சலீம் சிஷ்தி அவர்களின் நினைவாக, மன்னர் அம்மகவுக்குச் சலீம் எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் ஜஹாங்கீர் என்னும் பட்டம் பூண்டு அரியணை ஏறியவர் அவரே. அதற்கு 327 ஆண்டுகள் கழித்து, 1896 நவம்பர் 12ஆம் நாள், பம்பாயில் மற்றொரு சலீம் பிறந்தார். அவரே பறவையியல் மேதை சலீம் அலி. முன்னவர் பேரரசர்; பின்னவர் இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். எனினும் இருவரையும் இணைப்பது பெயர் மட்டுமன்று. இருவரும் வேட்டைக்காரர்கள்; குறிபார்த்த கண்ணாலேயே படைப்பின் விந்தையைக் காணக் கற்றவர்கள்.

ஜஹாங்கீர் தம் வாழ்க்கைக் குறிப்பில் தமது வேட்டைக் கணக்கைத் தாமே பதிந்து வைத்துள்ளார். பன்னிரண்டாம் வயது தொடங்கி ஆட்சியின் பதினோராம் ஆண்டு முடிய, அவர் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532. அவற்றுள் அவர் தம் கையாலேயே வீழ்த்தியவை 17,167. இவற்றில் 13,964 பறவைகள். படிக்கும் நெஞ்சு நடுங்குகிறது. ஆனால் அதே ஏட்டில்தான் லைலா, மஜ்னூன் எனத் தாம் பெயரிட்டு வளர்த்த சாரசக் கொக்கு இணையைப் பற்றியும் எழுதுகிறார். இரவில் பெண் அடைகாக்க ஆண் அருகே காவல் நிற்பதையும், விடிந்ததும் ஆண் வந்து அவ்விடத்தை ஏற்பதையும் பொறுமையோடு நோக்கிக் குறித்துள்ளார். அவர் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய சைபீரியக் கொக்கும், உலகிலிருந்தே மறைந்துபோன டோடோப் பறவையும் இன்றும் அறிஞர்களுக்குச் சான்றுகளாக விளங்குகின்றன.

மன்ஸ்ராஜ் என்ற தம் வளர்ப்பு மான் இறந்தபோது, இன்றைய பாகிஸ்தானின் ஷேகுபுராவில் அதன் அடக்கவிடத்தில் ஸ்தூபி எழுப்பி, அந்த வெளியில் எவரும் மான் வேட்டையாடலாகாது எனக் கல்லில் பொறிக்கச் செய்தார். ஐம்பது வயதானதும் வேட்டையைத் துறப்பதாக நேர்ந்திருந்த அவர், பேரன் ஷுஜா நோயுற்றபோது அந்த நேர்ச்சையை உறுதிப்படுத்தினார். ஆயினும் அது இறுதிவரை நிலைக்கவில்லை. 1627இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் மீண்டும் மான் வேட்டையில் இறங்கினார். அப்போது காலாள் ஒருவன் மலைச்சரிவில் வீழ்ந்து மாண்டான். அக்காட்சி மன்னரின் உள்ளத்தை உலுக்கிற்று. சின்னாட்களில் அவரும் மறைந்தார். அரசனின் இரக்கம் பெரிது; ஆனால் அது அரசனின் மனநிலையைப் பொறுத்தது.

இரண்டாம் சலீமின் கதை ஒரு சிட்டுக்குருவியில் தொடங்குகிறது. அவரை வளர்த்த மாமன் அமீருத்தீன் தையப்ஜி வேட்டைப் பிரியர். பத்து வயதளவில், சிறுவர் தம் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று தெரிந்தது. அது என்ன பறவை என்பது மாமனுக்கும் விளங்கவில்லை. அறிமுகக் கடிதத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கு செயலாளராயிருந்த மில்லார்ட், பாடம் செய்யப்பட்ட பறவைகள் நிறைந்த பேழைகளைத் திறந்து காட்டினார். அன்று திறந்தது சிறுவரின் வாழ்வும்கூட.

பின்னர் பெர்லினில் ஸ்ட்ரெசமானிடம் பயின்று திரும்பி, 1930இல் கடற்கரைச் சிற்றூரான கிஹிமில் தூக்கணாங்குருவிகளின் குடும்ப வாழ்வை ஆராய்ந்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. ஆய்வுக்கெனப் பறவைகளைச் சுட்டவர்தான் அவரும். அதனை அவர் மறைத்ததில்லை. ஆனால் வீண் கொலையை எதிர்த்தார்.

1938 நவம்பரில், வைஸ்ராய் லின்லித்கோவின் விருந்து வேட்டையில் பரத்பூர் ஏரியில் ஒரே நாளில் 4,273 பறவைகள் மாண்டன. நாடு விடுதலையடைந்தபின், அந்த நீர்நிலையையே வடித்து வயலாக்கக் கோரிக்கை எழுந்தது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டார். ஏரி பிழைத்து, 1956இல் சரணாலயமாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு மன்னரின் நேர்ச்சையால் ஆகாதது சட்டத்தால் ஆயிற்று.

ஆயினும் சட்டமும் அறிவின் துணையின்றி இடறும். 1982இல் பரத்பூரில் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சலீம் அலியும் அத்தடையை ஆதரித்தவரே. தலைமுறைகளாக அங்கு எருமை மேய்த்த கிராமத்தார் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. பின்னர் அவரது கழகமே நிகழ்த்திய நீண்ட ஆய்வு, எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பு குறைந்து, பறவைகளுக்கே கேடு விளைந்ததைக் காட்டியது. தம் தலைவரின் கருத்துக்கு மாறான முடிவை அக்கழகம் மறைக்கவில்லை. அவர் விதைத்த அறிவு நேர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1987இல் சலீம் அலி மறைந்தார். அவர் பெயரால் 1990இல் தொடங்கிய ஆய்வு மையம் நம் கோவையில்தான் உள்ளது.

இஹ்ராம் அணிந்தோருக்குத் தரைவாழ் பிராணிகளின் வேட்டையைத் திருமறை விலக்குகிறது. பறவைகளும் விலங்குகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் அது அறிவிக்கிறது. காரணமின்றிக் கொல்லப்பட்ட குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்து நபிமொழித் தொகுப்பில் உண்டு. ஒரு குருவியின் முறையீடு சிறுவர் ஒருவரின் காதில் இவ்வுலகிலேயே விழுந்தது. நம் பிள்ளைகளின் காதிலும் அது விழ வேண்டாமா?