வான்குதிப்புப் பயிற்சியில் கேமரா

விமானத்திலிருந்து குதிக்கும் மாணவரோடு கூடவே குதித்து, அவர் விழுவதைத் தலைக்கவசத்திலோ மணிக்கட்டிலோ பொருத்திய கேமராவால் படம்பிடிக்கும் வழக்கம். படம் எடுப்பவர் பயிற்றுநராக இருக்கலாம். அதற்கென்றே குதிக்கும் மூன்றாம் ஆளாகவும் இருக்கலாம். இந்த இருவரில் யார் கேமராவைச் சுமப்பது என்பதுதான் இந்த வழக்கத்தின் வரலாற்றில் மாறிக்கொண்டே வந்தது. கருவி சிறுத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். பொறுப்பு ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு இடம் மாறிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தொடக்க காலத்தில் மாணவரைப் படம்பிடிக்கும் எண்ணமே யாருக்கும் இல்லை. 1960களில் கலிபோர்னியாவில் வான்குதிப்பாளர்கள் இரண்டாம் உலகப்போர் விமானங்களின் துப்பாக்கிக் கேமராக்களைக் கழிவு விலைக்கு வாங்கி, ஹெல்மெட்டில் திருகாணி போட்டு மாட்டிக்கொண்டார்கள். துப்பாக்கியால் சுடும்போது குறி சரியாக விழுந்ததா என்று பதிவு செய்வதற்காகச் செய்யப்பட்ட 16 மி.மீ. கருவி அது. உள்ளே 50 அடிப் படச்சுருள். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஓடும். ஒருமுறை விழுந்து முடிக்க அது போதும். அக்காலத்து முன்னோடிகளில் பாப் புகோர் முக்கியமானவர். வானில் கைகோத்து வட்டம் அமைப்பவர்களைப் படம்பிடித்துப் பெயர் பெற்ற அவர், 1966இல் ‘டோன்ட் மேக் வேவ்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்துக்காகப் பணிபுரிந்தபோது மாலிபு கடலில் இறங்கி மூழ்கி இறந்தார். பொறியாளரான கார்ல் போனிஷ் வேலையை விட்டுவிட்டு முழுநேர வான்வெளி ஒளிப்பதிவாளரானார். 1969இல் வந்த ‘தி ஜிப்ஸி மாத்ஸ்’ படத்தின் வான்குதிப்புக் காட்சிகளில் அவர் பங்கு உண்டு. இவர்கள் எடுத்ததெல்லாம் தேர்ந்தவர்களைத்தான். படச்சுருளைக் கழுவி அச்சிட்டு வாங்க நாள்கணக்கில் ஆகும். மாணவரோ அன்று மாலைக்குள் அடுத்த குதிப்புக்கு ஏறியாக வேண்டும். பாடத்துக்கு உதவாத படத்துக்கு யார் காசு செலவழிப்பார்கள்?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அன்றைய பயிற்சி முறையில், விமானத்தோடு கட்டிய நாடா மாணவர் வெளியேறியதும் பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். பயிற்றுநர் விமானத்திலேயே நின்றுகொள்வார். விழும்போது மாணவருக்குப் பக்கத்தில் ஆளே கிடையாது. கேமரா எங்கிருந்து வரும்?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கென் கோல்மன் வகுத்த ‘துரிதப்படுத்தப்பட்ட தடையற்ற வீழ்ச்சி’ முறை இதை மாற்றியது. ஏ.எஃப்.எஃப். என்ற சுருக்கப் பெயரே உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. முதல் குதிப்பிலேயே மாணவர் நெடுந்தூரம் விழுவார். இரு பயிற்றுநர்கள் இருபுறமும் அவரைப் பிடித்தபடி கூடவே விழுவார்கள். நான்காம் நிலையிலிருந்து ஒருவர் மட்டும் வருவார். மொத்தம் ஏழு நிலைகள். அமெரிக்கப் பாராசூட் சங்கம் இதை ஏற்றதும் மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன.

கேமராவின் தேவை இங்கேதான் பிறந்தது. ஏறத்தாழ 13,000 அடியில் வெளியேறும் மாணவர் 5,500 அடியில் பாராசூட்டைத் திறக்க வேண்டும். முதல் 1,000 அடி விழப் பத்து வினாடி. அதன்பின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை வினாடி. ஆக முக்கால் நிமிடம். அதற்குள் அடிவானத்தைப் பார்க்க வேண்டும், உயரமானியைப் படிக்க வேண்டும், இருபுறமும் திரும்பிப் பயிற்றுநரின் தலையசைப்பைப் பெற வேண்டும், இடுப்புக்குப் பின்னால் உள்ள கைப்பிடியைத் தொட்டுத் தொட்டுப் பழக வேண்டும். தரையிறங்கிய மாணவரைக் கேட்டால் எல்லாம் செய்ததாகவே சொல்வார். பொய் சொல்வதில்லை; அவர் நினைவில் அப்படித்தான் இருக்கிறது. 2007இல் டெக்சஸில் டேவிட் ஈகிள்மன் குழுவினர் 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை வலையில் விழச்செய்து சோதித்தார்கள். பிறர் விழுந்த நேரத்தைவிடத் தாம் விழுந்த நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீண்டதாகவே அவர்கள் மதிப்பிட்டார்கள். பயத்தின் நினைவு நேரத்தை இழுத்துவிடுகிறது.

பதிவைப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. பயிற்றுநர் மாணவரின் முகத்துக்கு நேரே இரு விரல்களை நீட்டுகிறார். ‘காலை நீட்டு’ என்று பொருள். மாணவர் அதைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், சிரிக்கவும் செய்கிறார். கால் மட்டும் மடங்கியபடியே இருக்கிறது. கைப்பிடியைத் தேடிப் போன கை பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. ஒரு மணி நேரம் வாயால் விளக்கினாலும் ஏறாத செய்தி, இருபது வினாடிப் படத்தில் ஏறிவிடும்.

அன்றைய படம் அன்றே பார்க்கும் வசதியை வீடியோ நாடா தந்தது. ஆனால் 1980களின் கருவி இரு துண்டாக இருந்தது: ஹெல்மெட்டில் கேமரா, முதுகுப் பையில் ரெக்கார்டர், நடுவே கேபிள். இத்தனை கனத்தோடு மாணவரைப் பிடிக்க முடியாது என்பதால் படம் எடுக்க மூன்றாம் ஆள் தனியே குதித்தார். அந்த ஏற்பாட்டில் கொடிய விபத்து ஒன்று 1988 ஏப்ரலில் வட கரோலினாவின் லூயிஸ்பர்க்கில் நேர்ந்தது. நூற்றுக்கணக்கான முறை குதித்த அனுபவசாலி ஒருவர், மாணவரையும் பயிற்றுநரையும் படம்பிடிக்கக் குதித்தார். அவர் பாராசூட் அணிந்திருக்கவில்லை. முதுகில் இருந்த ரெக்கார்டர் பையின் கனத்தைப் பாராசூட்டின் கனமாக எண்ணியிருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. மற்றவர்களின் பாராசூட் விரிவது வரை கேமரா பதிவு செய்தது. அதன் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. கேமராவைச் சரிபார்க்கும் சடங்கு பாராசூட்டைச் சரிபார்க்கும் சடங்கை விழுங்கிவிடும் என்பதற்கு இன்றும் பயிற்சி மையங்களில் சொல்லப்படும் எடுத்துக்காட்டு இது.

1989இல் சோனி வெளியிட்ட உள்ளங்கை அளவு ஹேண்டிகேம் ஒரு கிலோவுக்கும் குறைவு. அதில் கேமராவும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் இருந்தன. அடுத்து மினிடிவி (MiniDV) நாடா, நினைவட்டை என்று எடை குறைந்துகொண்டே வந்தது. படப்பிடிப்பாளருக்கென்றே தனிக் கலையும் வளர்ந்தது: கண்ணுக்கு முன் வட்டக் குறிக்கண்ணாடி, கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி தைத்த சட்டை. துணியை விரித்தால் வேகம் குறையும், மடக்கினால் கூடும். விழும் மாணவரின் மட்டத்திலேயே நிற்கலாம்.

2009இல் கோப்ரோ நிறுவனத்தின் எச்.டி. ஹீரோ வந்தபின் பயிற்றுநரின் ஹெல்மெட்டிலேயே கேமரா ஏறிவிட்டது. மூன்றாம் ஆளுக்குக் கூலியும் வேண்டாம், விமானத்தில் இடமும் வேண்டாம். கணக்குக்கு இது லாபம். பாடத்துக்கு முழு லாபமா என்றால், இல்லை. எதிரே மிதக்கும் படப்பிடிப்பாளருக்கு மாணவரின் உடல் தலை முதல் கால் வரை தெரியும். பக்கத்தில் பிடித்திருக்கும் பயிற்றுநரின் கேமராவிலோ தோளும் முகமும்தான் நிறையும். தவறு செய்யும் கால் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். ஒரே பயிற்றுநர் எதிரே விழும் மேல்நிலைப் பாடங்களில் இந்தக் குறை தெரிவதில்லை.

அப்படியொரு பாடத்தில் எடுத்த படம்தான் இத்துறையில் மிகுதியாகப் பார்க்கப்பட்டவற்றில் ஒன்று. 2014 நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 22 வயது இளைஞர் ஐந்தாம் நிலைப் பாடத்துக்காக 12,000 அடியிலிருந்து குதித்தார். இடப்பக்கம் திரும்பத் தொடங்கியவர் வலிப்பு வந்து நினைவிழந்து மல்லாந்துவிட்டார். பயிற்றுநரின் ஹெல்மெட் கேமராவில் எல்லாம் பதிவானது: அவர் பாய்ந்து வருவது, ஒருமுறை பிடி நழுவுவது, மறுமுறை பற்றி ஏறக்குறைய 4,000 அடியில் மாணவரின் பாராசூட்டைத் திறந்துவிடுவது. மாணவர் பாராசூட்டில் தொங்கியபடி நினைவு திரும்பிப் பத்திரமாக இறங்கினார். குறிப்பிட்ட உயரத்தில் தானே பாராசூட்டைத் திறக்கும் கருவி அவரிடம் இருந்தது. ஆனாலும் பயிற்றுநர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2015 மார்ச்சில் படம் வெளியானபோது உலகம் வியந்தது. பயிற்றுநர்கள் கவனித்தது வேறொன்றை: அவர் கேமராவுக்காக எதையும் செய்யவில்லை; அது இருந்ததையே மறந்தவர்போல வேலை பார்த்தார்.

1983–84 வாக்கில் பில் பூத், டெட் ஸ்ட்ராங் இருவரும் உருவாக்கிய டேண்டம் முறையில் பயணி பயிற்றுநரோடு கட்டப்பட்டே குதிக்கிறார். அங்கே படம் பாடமாக இல்லை; விலைக்கு விற்கும் நினைவுப் பொருள். பயிற்றுநரின் இடது கையில் கையுறைபோல மாட்டிய கேமரா பயணியின் முகத்தைப் பார்த்திருக்கும். சிரிக்கச் சொல்லி கை நீட்டும் அந்த நேரம் கவனத்திலிருந்து கழிகிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. அதனால் புதிதாகத் தகுதி பெற்றவர் இதை உடனே அணிய வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை.

கேமராவோடு குதிக்க விரும்புவோர் குறைந்தது 200 குதிப்புகள் முடித்திருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் பரிந்துரைக்கிறது. கேமரா சிறுத்ததால் இந்த எண்ணிக்கையைக் கேலி செய்யும் இளைஞர் உண்டு. ஆனால் பாராசூட் கயிறு சிக்க, கட்டைவிரல் அளவு பிதுக்கம் போதும். ஆகவே ஆபத்தில் ஒரே இழுப்பில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடும் கொக்கிகள் வந்தன. மாணவரின் பாராசூட் விரியும் வழியில், அதாவது அவருக்கு நேர் மேலே, படப்பிடிப்பாளர் இருக்கவே கூடாது.

பயிற்றுநர் தகுதிக்கான தேர்விலும் கேமரா உண்டு. தேர்வாளர் மாணவராக நடித்து வேண்டுமென்றே புரள்வார், சுழல்வார், சைகையைக் கண்டும் காணாததுபோல் இருப்பார். வேட்பாளர் அவரைப் பிடித்து நிலைப்படுத்தி, உரிய உயரத்தில் பாராசூட் திறக்கவைக்க வேண்டும். கீழே இறங்கியதும் எந்த உயரத்தில் என்ன செய்தோம் என்று அவர் முதலில் வாயால் சொல்ல வேண்டும். பதிவை அதற்குப் பிறகே போடுவார்கள்.