ஒன்பது மாசப் பயணம், மூணு வருஷ ஆயத்தம்

இந்த எபிசோடைக் கொல்லிமலை செம்மேட்டுல இருந்து பதிவு பண்றேன். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக், காத்து, பெட்ரோல் எல்லாத்தையும் அடிவாரத்துலயே பார்த்துட்டுத்தான் பைக்ல ஏறினேன். பாதி வளைவுல நின்னுட்டா மெக்கானிக்கை எங்கே தேடுறது? அப்போதான் தோணுச்சு: வாரக்கணக்குல கரையே தெரியாத தென்பெருங்கடலுக்கு ஒரு பாய்மரப் படகை நம்ம ஆட்கள் எப்படித் தயார் பண்ணினாங்க?

பாய்மரப் படகில் ஓர் இந்தியர் தனியாக உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவதியின் கனவு. 2006இல் அதற்கு முன்வந்தவர் கடற்படை அதிகாரி திலீப் தோந்தே. அப்போ கையில படகே இல்லை! முதல்ல அவர் போய் நின்னது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன்கிட்ட. 1969இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி முடித்த முதல் மனிதர் அவர். அவருடைய பந்தயப் படகைத் தயார் பண்ற வேலையில கூடமாட நின்னு தோந்தே கத்துக்கிட்டார். பிறகு கோவாவின் திவார் தீவில், ரத்னாகர் தாண்டேகரின் பட்டறையில் 56 அடி நீள 'மாதேய்' உருவானது. 2009 ஆகஸ்ட்டில் மும்பையிலிருந்து கிளம்பி, 2010 மே மாதம் திரும்பினார். பயணம் ஒன்பது மாசம். ஆயத்தம் மூணு வருஷம்.

வழியில் நான்கே நிறுத்தங்கள். நியூசிலாந்தின் லிட்டல்டனை விட்டால் அடுத்தது ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லிதான். நடுவுல, 56 டிகிரி தெற்குல கேப் ஹார்ன். இப்படிப் போற படகுல பாய் கிழிஞ்சா தைக்க ஊசி நூல் வேணும். தானியங்கிச் சுக்கான் நின்னா மாற்று வேணும். கடல்நீரைக் குடிநீராக்குற கருவி கெட்டாலும் தொட்டியில தண்ணி இருக்கணும். மெக்கானிக், டாக்டர் எல்லாமே ஓட்டுறவர்தான். எங்க ஐடி பாஷையில, பேக்கப் இல்லாம எதுவும் போகக் கூடாது.

ஆனா ஆயத்தம் விபத்தைத் தடுக்காது. 2018 செப்டம்பர் 21, கோல்டன் குளோப் பந்தயம். தென்னிந்தியப் பெருங்கடலில் அபிலாஷ் டோமியின் 'துரியா' புயலில் புரண்டு, பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் காயம். பிரெஞ்சுக் கப்பல் வந்து சேர மூணு நாள் ஆச்சு. அதுவரை படகு மிதந்துச்சு. செய்தி அனுப்புற கருவி வேலை செஞ்சுது. ஆயத்தம் வாங்கிக் கொடுத்தது அந்த மூணு நாளை. 2023இல் அதே பந்தயத்தில் அவர் இரண்டாம் இடம்!

அந்த டோமியின் வழிகாட்டுதலில் மூன்று வருடம் தயாரானவர்கள்தான் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி'யில் கிளம்பி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். இங்கேயும் அதே கணக்குதான்: எட்டு மாசத்துக்கு மூணு வருஷம்.

நாளைக்கு நான் மலை இறங்குறேன். பிரேக்கைப் பார்த்துட்டுத்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.