மீனைக் காத்த சட்டமும் ஆற்றைக் காத்த சட்டமும்

கோடை விடுமுறையில் குலு, மணாலிப் பகுதிகளுக்குச் சென்று மீளும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். கூழாங்கற்களின் மேல் நுரைத்தோடும் பியாஸ் ஆற்றின் தண்மையை அவர்கள் அறிவர். அவ்வாற்றின் டிரவுட் மீனை உண்டு சுவைத்தோரும் உளர். உதகமண்டலத்தைச் சூழ்ந்த ஓடைகளிலும் அதே இனத்து மீன் வாழ்கிறது. இவ்விரு மலைநாடுகளுக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. எனினும், நல்ல நீரைக் காப்பதற்கென்று நம் நாட்டில் எழுந்த சட்டங்களின் வரலாறு இவ்விரண்டையும் ஒரே நூலிற் கோத்து வைத்திருக்கிறது.

டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும், வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்தும் உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டவை. இம்மீனுக்குக் குளிர்ந்த நீரும் மிகுந்த பிராணவாயுவும் வேண்டும். 10 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே தங்கும். பெண் மீன் சரளைப் படுகையில் வாலாற் குழி பறித்து முட்டையிடுகிறது. சரளையின் இடுக்குகளினூடே தெளிந்த நீர் ஓயாது ஓடினால்தான் அம்முட்டை உயிர் பெறும். மேலே மலைச்சரிவில் மரம் வெட்டுண்டு வண்டல் இறங்கினால், முட்டைகள் மூச்சடைத்து மடியும். ஆகவே, ஓர் ஓடை நலமாக இருக்கிறதா என்று கேட்டால், டிரவுட்டைப் போல் மெய் சொல்லும் சாட்சி வேறொன்று கிடைப்பது அரிது.

நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டு ஓடைகளை நினைந்து ஏங்கியவர்கள். மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே என்பார் 1863-ஆம் ஆண்டில் டிரவுட்டை இம்மலைக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். மீன் வருமுன்னரே சட்டம் வந்துவிட்டது. 1877-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென நீலகிரியில் ஒரு சங்கம் நிறுவப்பெற்றது. 1879-இல் சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. வேட்டைக்குரிய காலம் இது, ஆகாத காலம் இது என்று வரையறுப்பதே அதன் உள்ளீடு. வேட்டைக்காரர் தம் விருப்பம் தீர்ந்துபோகாதிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு என்று இதனை எள்ளி நகையாடலாம். ஆயினும், அந்தத் தன்னலத்தின் நிழலிலேயே வரையாடு பிழைத்தது என்பதையும் மறைத்தல் முறையன்று.

டே அவர்கள் பின்னர் இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளராக அமர்ந்து, இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்களைப் பற்றி 1873-இல் ஓர் அறிக்கை அளித்தார். முட்டையிட மேலேறும் மீன்களைத் தடுப்பு வைத்துப் பிடிப்பதையும், குஞ்சுகளை வாரும் நெருங்கிய கண் வலைகளையும், நீரில் நஞ்சு கலப்பதையும் அவர் எடுத்துரைத்தார். அரசு அசைந்து கொடுக்க 24 ஆண்டுகள் ஆயின. 1897-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டமாகிய இந்திய மீன்வளச் சட்டம் வெடிமருந்தையும் நஞ்சையும் தடை செய்தது. மீறினால் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். சிறு சட்டந்தான், ஆனால் அதனுள் ஒரு சொற்றொடர் இருக்கிறது. மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் 'நோக்கத்துடன்' நஞ்சையோ சுண்ணாம்பையோ நீரில் இடுவதே குற்றம் என்பது அதன் வாசகம்.

இந்த 'நோக்கம்' என்னும் சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. காட்டுக் காய்களையும் பட்டைகளையும் நசுக்கிக் குட்டையிற் கலக்கி, மயங்கி மிதக்கும் மீனைக் கூடையில் அள்ளும் மலைவாழ் மக்களுக்கு அந்நோக்கம் உண்டு. ஆதலின் அவர்கள் குற்றவாளிகள். தோல் பதனிடும் சாலையின் கழிவையும் ஆலையின் அமிலத்தையும் ஆற்றில் விடுவோருக்கு மீனைப் பற்றிய நினைவே இல்லை. ஆதலின் அச்சட்டத்தின்முன் அவர்கள் குற்றமற்றவர்கள். ஒரு வேளை உணவுக்காக ஒரு மடுவைக் கலக்கியவனைப் பிடித்த வலை, ஆற்றையே கொன்றவனை வழிவிட்டு அனுப்பிற்று.

இதற்கிடையில் மீனும் வந்து சேர்ந்தது. காஷ்மீரத்துக்கு 1899-இல் கப்பலேறிய முட்டைகள் வழியிலேயே மடிந்தன. அடுத்த ஆண்டு வந்தவை பொரித்தன. நீலகிரியில் எச். சி. வில்சன் என்பார் 1907-ஆம் ஆண்டை ஒட்டி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, இலங்கை முதலிய இடங்களிலிருந்து தருவித்த வானவில் டிரவுட்டை வளர்த்து வெற்றி கண்டார். அந்நாளில் பஞ்சாபைச் சேர்ந்திருந்த குலுவுக்கு 1909-இல் காஷ்மீரத்து முட்டைகளைக் கொணர்ந்தவர் அங்கு உதவி ஆணையராக இருந்த ஹோவல் ஆவார். பஞ்சாப் 1914-இல் தனக்கெனவே ஒரு மீன்வளச் சட்டம் செய்துகொண்டது. வந்த விருந்தாளிக்குக் காவலும் உரிமச்சீட்டும் பொரிப்பகமும் கிடைத்தன. வீட்டுக்குரிய சிறு மீன்களை, அவை விருந்தாளிக்கு இரையாகிப்போன போதும், எவரும் பெரிதாக எண்ணவில்லை.

நீலகிரியின் பிற்கால வரலாறு நாம் அறிந்ததே. 1932-இல் பைக்காராவின் நீர் மின்சாரமாயிற்று. கோவையின் பஞ்சாலைகள் அதனால் தழைத்தன. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா உதவியுடன் எழுந்த குந்தாத் திட்டம் 1960 முதல் மின்சாரம் தரலாயிற்று. அவலாஞ்சி, எமரால்டு முதலிய நீர்த்தேக்கங்கள் அத்திட்டத்தின் பேறுகளே. மின்சாரம் வேண்டாவென்று சொல்பவன் அல்லேன். தேக்கங்களிலும் டிரவுட் உயிர்வாழ்ந்தது உண்மை. ஆனால் அணைக்குக் கீழே ஓடைக்கென்று எவ்வளவு நீர் விடவேண்டும் என்று கேட்க, 1879-இன் சட்டத்திலும் 1897-இன் சட்டத்திலும் ஒரு சொல்லும் இல்லை. அணை கட்டுவோனுக்கும் மீனை அழிக்கும் நோக்கம் இல்லையன்றோ!

இக்கேள்வியைச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சட்டம், அணையின் உரிமையாளர் கீழேயுள்ள மீன்கள் நல்ல நிலையில் இருப்பதற்குப் போதுமான நீரை எப்போதும் விடவேண்டும் என்று கூறுகிறது. எழுத்தில் இருந்ததேயன்றி அது நெடுங்காலம் உறங்கிற்று. மோனோ என்னும் உப்பேரிக்குச் செல்லும் ஓடைகளை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1941 முதல் தன் குடிநீருக்குத் திருப்பிக்கொண்டது. ஓடைகள் வறண்டன, ஏரி நாற்பது அடிக்கு மேல் தாழ்ந்தது. 1983-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், இத்தகைய நீர்நிலைகளுக்கு அரசு அறங்காவலர் போன்றது, நகரத்துக்கு வழங்கிய நீருரிமையையும் அப்பொறுப்பினால் மறுபரிசீலனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. மழை மிகுந்த ஆண்டுகளில் அணை வழிந்து ரஷ் ஓடையில் நீர் பாய்ந்தபோது, டிரவுட்டும் உடன் வந்து பெருகிற்று. மறுபடி மதகை மூட நகரம் முனைந்ததும் தூண்டிற்காரர்கள் வழக்காடினர். உறங்கிய சட்டம் 1989-இல் விழித்தது. 1994-இல் ஓடைகளுக்கும் ஏரிக்கும் உரிய நீரின் அளவை மாநில நீர் வாரியம் அறுதியிட்டது. அவ்வோடைகளிலும் டிரவுட் மனிதன் கொண்டுவிட்ட மீனே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் முன்னைய குறையைப் பெரிதும் நீக்கிற்று. மீனை அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதை விடுத்து, அறிந்தே நஞ்சை நீரோடையில் விட்டதைக் குற்றமாக்கிற்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் பிராணவாயு லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. ஆயினும், முதல் வகுப்பில் உள்ள ஓர் ஆறு இரண்டாம் வகுப்புக்கு இறங்கலாகாது என்னும் கட்டளையை அப்பிரிவினை மட்டும் தந்துவிடவில்லை. அளந்து சொல்வது வேறு, தடுத்து நிறுத்துவது வேறு.

ஆற்றையே ஒரு பொருளாகக் கொண்டு பேசிய தீர்ப்பு, டிரவுட் வாழும் பியாஸ் கரையிலிருந்து எழுந்தது என்பது வரலாற்றின் விந்தை. குலு பள்ளத்தாக்கில் ஆற்றோரம் அமைந்த ஓர் உல்லாச விடுதி, காட்டு நிலத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 1994-இல் அந்நிலம் அதற்குக் குத்தகையாயிற்று. 1995-இல் வெள்ளம் வந்து, ஆறு தடம் மாறி விடுதியின் புல்வெளியை விழுங்கிற்று. மண்வாரி இயந்திரங்களைக் கொண்டு ஆற்றை வேறு வழியில் திருப்பும் வேலை நடைபெற்றது. 1996 பிப்ரவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் இதனை வெளியிட, உச்ச நீதிமன்றம் எவரும் மனுக்கொடுக்கக் காத்திராமல் தானே அதனைக் கையில் எடுத்தது. எம். சி. மேத்தா எதிர் கமல் நாத் என்பது வழக்கின் பெயர். 1996 டிசம்பர் 13-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்புரைத்தார். காற்றும் ஓடும் நீரும் கடலும் கரையும் அனைவர்க்கும் பொது என்ற பண்டை ரோமானியர் கொள்கையை அவர் எடுத்துக்காட்டினார். மோனோ ஏரித் தீர்ப்பையும் விரிவாக எடுத்தாண்டார். அரசு இவற்றின் உடைமையாளர் அன்று, அறங்காவலரே என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தார். கோயில் நிலத்தைத் தருமகர்த்தா தன் மனம்போல் விற்கலாகாது என்று அறிந்த நமக்கு இக்கருத்துப் புதிதன்று. ஆற்றுக்கு அதனைப் பொருத்தச் சட்டம் இத்தனை காலம் எடுத்துக்கொண்டதே வியப்பு. குத்தகை செல்லாததாயிற்று, ஆற்றைப் பழைய நிலைக்குக் கொணரும் செலவை விடுதியே ஏற்க நேர்ந்தது, 2002-இல் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது.

அத்தீர்ப்பில் டிரவுட் சாட்சியாக வரவில்லை. அதற்கும் ஒரு காலம் வந்தது. பியாஸில் கலக்கும் துணையாறுகளுள் தீர்த்தன் ஒன்று. பெரிய இமாலய தேசியப் பூங்காவின் பனிமுகடுகளில் பிறந்து, பழுப்பு டிரவுட் செழித்த பள்ளத்தாக்கின் வழியே அது இறங்குகிறது. இமாச்சலத்தின் ஆறுகள் பலவற்றில் மின்திட்டங்கள் வரிசையாக எழுந்த இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், தீர்த்தனுக்கும் சிறு மின்நிலையங்கள் வகுக்கப்பட்டன. பள்ளத்தாக்கின் மக்கள் எதிர்த்து நின்றனர். அவர்கள் முன்வைத்த காரணங்களுள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தம் பொழுதுபோக்குக்காகக் கொணர்ந்த மீனும் ஒன்று. மாநில அரசு தன் நீர்மின் கொள்கையில் தீர்த்தனை விலக்கி வைத்தது. கொள்கை என்பது சட்டமன்று. அமைச்சரவை ஒரு நாளிற் கூடி மாற்றக்கூடியது. ஆகவே பள்ளத்தாக்கில் உள்ளோர் ஒவ்வொரு புதிய அறிவிப்பையும் கவனித்துப் படிக்கின்றனர்.